சொன்ன இடம், நிற்கும் இடம்

போன வருஷம் ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில், கோயம்புத்தூரில் கணபதி தாண்டி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் பட்டறை வீதியில், முந்தின நாள் சாயங்காலம்தான் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் வர ஆரம்பித்திருந்த மஞ்சள் பெட்டிகள் திரையை விட்டு வெளியே வந்து மனிதர்களின் வலது தோளுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தன. நான் அப்போது என் கடையில் ஒரு டிரில் பிட்டைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை ஸ்பிரிங்காரர் போனில் யாரிடமோ, "கெளம்பிட்டனுங்க, காந்திபுரமே தாண்டிட்டனுங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பெட்டி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, 'சொன்ன இடம்: காந்திபுரம் தாண்டி. நிற்கும் இடம்: கடைக்குள், நாற்காலியில்' என்று காட்டியது. மேல் மூலையில் மூடுவதற்கு ஒரு சின்னப் பெருக்கல் குறியும் இருந்தது. நான் படித்துவிட்டு மறுபடி சாணைக்கல்லைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன், கல் சுற்றும்போது கண்ணை அதிகம் எடுக்கக் கூடாது.

அந்தப் பெட்டிகளைச் செய்தவள் கலாமணி. எங்கள் வீதியில் நான்கு மில்லிங் மெஷின் வைத்து பம்ப் உதிரிகள் செய்கிற சென்னியப்பனின் தங்கை, முப்பத்து நான்கு வயது, மெஷின்களுக்குக் கட்டளை சொல்கிற சாஃப்ட்வேரை எழுதியதும் பராமரிப்பதும் அவள்தான். எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சாஃப்ட்வேர் சொல்லும், மெஷின் போய் நிற்கும், சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் நடுவில் மயிரிழைக்கு மேல் இடைவெளி வந்தால் அது பிழை. கதவு திறந்திருந்தால் அது ஒரு பிழை, எண்ணெய் குறைந்தால் அது ஒரு பிழை. ஆபரேட்டர்கள் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதியிருந்தாள். ஆனால் முன்பெல்லாம் அந்தப் பிழைகள் சாஃப்ட்வேரின் அடிப்பக்கத்தில் ஒல்லியாக ஒரு சிவப்பு வரியாகத்தான் வரும். அதற்கு மேலே யாராவது டிராயிங்கையோ பாட்டையோ திறந்து வைத்தால் வரி அடியில் போய்விடும், அங்கே ஒரு வரி இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

இந்த ஒல்லி வரியால்தான் பட்டீஸ்வரனின் விரல்கள் போயின என்று எங்கள் வீதி நம்பியது. நாலு வருஷம் ஆகப்போகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம், அவசர ஆர்டர், நாலாம் மெஷினில் பட்டீஸ்வரன். கதவைத் திறந்து உள்ளே சுருண்டு கிடந்த இரும்புத் துகளை வலது கையால் தள்ளினார், மெஷின் நின்றது, 'கதவு திறந்திருக்கிறது' என்று வந்த வரி பாட்டுக்கு அடியில் போய்விட்டது, மெஷின் சும்மா சிக்கி நிற்கிறது என்று நினைத்து கதவு திறந்திருந்தாலும் ஓட்டிவிடுகிற 'தொடர்' பொத்தானை இடது கையால் அமுக்கினார், வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் போய்விட்டன. இதை அவரே ஆஸ்பத்திரியில் சொன்னார், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடமும் சொன்னார். "என்ர கவனக்கொறைவுதானுங்க. எழுத்தப் பாக்காம பட்டன அமுக்கிப்போட்டேன்."

கை ஆறின பிறகு மூன்று பட்டறைகளில் போய் வேலை கேட்டார். இருபத்திரண்டு வருஷம் மெஷின் முன்னால் நின்ற மனிதர், வேறு எதுவும் அவருக்குப் பிடிக்காது. மூன்று இடத்திலும் நல்லபடியாக உட்காரவைத்து டீ கொடுத்து, கவனமில்லாதவரை மெஷினில் விட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் சென்னியப்பன் பேசி, வீதி முனையில் இருக்கிற ஆறுச்சாமியின் டீக்கடையில் அவரை டீ போடச் சேர்த்துவிட்டார். ஒரு நல்ல ஆபரேட்டர் எங்கள் கண்ணெதிரே டீ மாஸ்டர் ஆனார், நாங்கள் அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு அவரைப் பார்த்துப் பாவப்பட்டோம்.

கலாமணிக்கு அது வேறு மாதிரி இருந்தது. அந்த வரியை அந்த இடத்தில் வைத்தவள் அவள்தானே. 'நான்தான் அவர் விரலை எடுத்தேன்' என்பதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மனசுக்குள் ஒரு நாள்கூட விடாமல் சொல்லிக்கொண்டாள். மெஷின் தினமும் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதிவைக்கிற பதிவு ஒன்று கம்ப்யூட்டருக்குள் உண்டு, அந்த நாளின் பதிவை மட்டும் அவள் திறக்கவே இல்லை. சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் தொட்டாள், பிழை காட்டுகிற பகுதிக்கு வந்தால் மட்டும் மூடிவிட்டு எழுந்துவிடுவாள். இரண்டே முக்கால் வருஷம் கழித்து ஒருவழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்து, பிழைகள் எதற்கு அடியிலும் போகாமல், எது திறந்திருந்தாலும் அதற்கு மேலே, மஞ்சள் பெட்டியாக, டெஸ்க்டாப்பின் வலது மூலையில் வந்து நிற்கிற மாதிரி மாற்றி எழுதினாள். மனிதன் எங்கே பார்க்கிறானோ அங்கே தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதியதாகப் பிற்பாடு சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் முடித்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவை வீதிக்கு வந்துவிட்டன.

வந்த இரண்டாம் நாளே பெட்டிகளின் குணம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. சொன்னதற்கும் நிஜத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் பெட்டி வரும். தன் பெட்டி தன் கண்ணுக்குத் தெரியாது, எத்தனை திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்பிப் பின்னால் போய்விடும், வந்திருக்கிறது என்பது மட்டும் தோளில் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரியும். தன் பெட்டியைத் தானே மூட முடியாது, அடுத்தவர்தான் மூட வேண்டும். சொன்ன இடத்துக்கு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால், அல்லது சொன்னது பொய் என்று வாயால் ஒத்துக்கொண்டால், பெட்டி தானாகப் போய்விடும். இரண்டும் இல்லையென்றால், மூட மூட மறுநாள் காலை மறுபடி வரும், மூலையில் எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணோடு. பெட்டிகள் வருவதற்கு முன்னால் சொல்லிவைத்த பழைய பொய்களும் முதல் நாளே எழுந்து வந்து வரிசையில் நின்றுவிட்டன. ரயில்வே கேட்டைத் தாண்டினால் பெட்டி எதுவும் வராது. அதனால் எங்கள் வீதிக்காரர்கள் பலருக்குத் திடீரென்று கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறைய வேலை வந்தது.

முதல் மாதம் கஷ்டம்தான், மறைக்கக் கூடாது. எல்லாரும் எல்லாருடையதையும் படித்தோம். 'நாளைக்கு டெலிவரிங்க' என்று சொன்ன பட்டறைக்காரர்கள் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை மயில் தோகை மாதிரி விரித்துக்கொண்டு நடந்தார்கள். லேத் பட்டறைப் பங்காளிகள் இருவர் ஒருவர் முதுகை ஒருவர் படித்துப் பிரிந்தார்கள். இட்லி நன்றாக இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிவந்த ஒரு கணவன் ஒரு வாரம் ஆறுச்சாமி கடையில் பன் தின்றார். வேண்டுதல் சொல்லிவிட்டு மொட்டை போடாதவர்களை எல்லாம் மாகாளியம்மன் கோயில் பூசாரி அடையாளம் கண்டுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணத் தரகர் இந்த வீதி வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார், வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்க வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மைக்கில் பேசிவிட்டுப் போனார்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஆறுச்சாமிதான். ஒரு நாள் காலை டீ குடிக்க வந்தவர் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி, முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, பெட்டியைப் படிக்காமலேயே மூடினார். "எனக்கெதுக்குங்க அடுத்தவர் பொழப்பு," என்றார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் திருப்பி ஆறுச்சாமியின் பெட்டியைப் படிக்காமல் மூடினார். அவ்வளவுதான், எங்கள் வீதிக்கு ஒரு மரியாதை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் அவர் பெட்டிகளை மூடுவோம், அப்புறம் தண்ணீர் கொடுப்போம். மூடும்போது நெற்றியைப் பார்க்க வேண்டும், எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எங்களுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மெஷினில் வருகிற பிழையைப் படிக்காமல் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் கைகளுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம், அந்தப் பழக்கத்துக்கு இப்போது நல்ல பெயர் கிடைத்திருந்தது. படித்துவிட்டு மூடுகிறவனைக் காட்டுமிராண்டி என்றோம். வீதியில் சண்டை குறைந்தது, எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம், நான்கூட இது நல்ல காலம் என்று நினைத்தேன்.

இந்த நல்ல காலத்தில் சென்னியப்பனுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் வீதியிலேயே பெட்டி இல்லாத ஒரே மனிதர் அவர்தான். முதல் நாளிலிருந்து அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெட்டிகூட யாரும் பார்த்ததில்லை. கோயில் கமிட்டிக்குத் தலைவர் ஆக்கினோம். எல்லைத் தகராறு, வாடகைத் தகராறு எதுவென்றாலும் அவர் முன்னால்தான் பேசி முடித்தோம், அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார், கடைசியில் தலையை ஆட்டுவார். அவர் அதிகம் பேச மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீக்கடையில் பட்டீஸ்வரனின் தோளுக்குப் பின்னாலும் தினமும் காலையில் ஒரு பெட்டி இருந்தது. முதல் மாதத்தில் எல்லாரும் எல்லாருடையதையும் படித்தபோது அவருடையதைப் படிக்கவில்லையா என்று கேட்கலாம். டீ மாஸ்டரின் முதுகை யார் படிப்பார்கள்? எங்களுக்குப் படிக்க வேண்டியது பங்காளிகளின் முதுகும் கடன்காரர்களின் முதுகும்தான். அதோடு அவர் கை எங்கள் கண்ணில் படும், பட்டதும் பார்வையை எடுத்துக்கொள்வோம். மரியாதைக் காலம் வந்த பிறகு தினமும் யாராவது அதை மூடினோம், நானே ஐம்பது தடவைக்குக் குறையாமல் மூடியிருப்பேன். அதிகம் மூடியவள் கலாமணி. காலை பத்தரை மணி டீக்கு முதல் ஆளாக வருவாள். அவர் டம்ளரை எடுப்பதற்குள் கையை நீட்டி, அவர் நெற்றியைப் பார்த்தபடி, பூ வைக்கிற மாதிரி மெதுவாக மூடுவாள். அவருக்குத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று அவளுக்கு நினைப்பு. அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுக் கொடுப்பார்.

இந்த வருஷம் புரட்டாசியில், சென்னியப்பன் பட்டறையில் வெட்டிய உதிரிகளின் ஓரப் பிசிறைத் தட்டுகிற வேலைக்கு ஒரிசாவிலிருந்து பசந்தி வந்து சேர்ந்தாள். நாற்பது வயதுப் பெண், இரண்டு மகன்கள் ஊரில் படிக்கிறார்கள், பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் இரண்டு தடவை சூலூர் வரை போய் வந்ததில் தமிழ் எழுத்தைப் படித்தே தீருவது என்று முடிவு செய்திருந்தாள். எழுத்து எங்கே இருக்கிறது? எங்கள் வீதியில் எல்லார் முதுகிலும் இருக்கிறது, பெரிய பெரிய எழுத்தில், மஞ்சள் வெளிச்சத்தில். எங்கள் மரியாதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க நாங்கள் வெட்கப்பட்டோம் என்பதுதான் உண்மை. அவள் ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக, யார் முதுகையும் விடாமல் படித்துக்கொண்டு போனாள். அவளுக்கு அர்த்தம் தெரியாது என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்து போய்விடுவோம்.

அன்று புதன்கிழமை. பத்தரை மணிக்குக் கலாமணியும் பசந்தியும் சேர்ந்து டீக்கு வந்தார்கள். நானும் அங்கே பெஞ்சில் இருந்தேன். பட்டீஸ்வரன் முதுகைக் காட்டிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கலாமணி வழக்கம்போல கையை நீட்டினாள். அவள் விரல் மூலைக்குப் போவதற்குள் பசந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"சொன்ன... இடம். என்... கவ... னக்... குறைவு. நிற்... கும் இடம். கத... வு சுவிட்... சில்... கா... காந்... தம்." மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். "அக்கா, காந்தம் என்ன?"

கலாமணியின் கை அப்படியே நின்றது. அவள் முதல் தடவையாக எழுத்தைப் பார்த்தாள். மூலையில் நானூற்று இருபத்தொன்று என்று இருந்தது.

காந்தம் என்ன என்று எங்கள் வீதியில் யாரும் கேட்க வேண்டியதில்லை. மெஷின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவிட்ச் உண்டு. கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும், மறுபடி மூடி, மறுபடி ஓட்டி, ஒவ்வொரு பீஸுக்கும் முக்கால் நிமிஷம் போய்விடும். பழைய ஸ்பீக்கரில் இருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்து அந்தச் சுவிட்சின் மேல் ஒட்டிவைத்தால், கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிக்கொண்டு ஓடும். எங்கள் வீதியில் அப்படி ஒட்டாத பட்டறை கிடையாது. அதனால் பட்டீஸ்வரனின் விரல் போன நாளில் எங்களுக்குச் சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. கேட்டோமா என்றால், இல்லை. கேட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் எங்கள் மெஷின்களையும் வந்து பார்த்திருப்பார்.

கலாமணி டீ குடிக்காமல் பட்டறைக்குத் திரும்பினாள். நாலு வருஷமாகத் திறக்காத அந்த நாளின் பதிவைத் திறந்தாள். காலை எட்டு மணியிலிருந்து மெஷின் எழுதியிருந்தது: அச்சு நகர்ந்தது, எண்ணெய் போதும், டூல் மாறியது, அச்சு நகர்ந்தது. பட்டீஸ்வரனை ஆட்டோவில் ஏற்றிய மூன்று மணி பத்து நிமிஷம் வரைக்கும் கதவு திறந்ததாக ஒரு வரிகூட இல்லை. மெஷினைப் பொறுத்தவரை அன்று முழுவதும் கதவு மூடியே இருந்தது, அது ஒரு நொடிகூட நிற்கவில்லை, பிழை என்று எதுவும் நடக்கவே இல்லை. அவளுடைய சிவப்பு வரி பாட்டுக்கு அடியில் போகவில்லை. வரவே இல்லை. அவள் மேஜையில் தலையை வைத்து அழுதாள், பாரம் இறங்கிய அழுகை பாதி, கோபம் பாதி என்று என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி டீக்கடைக்கு வந்தாள். கூட்டமில்லை. ஆறுச்சாமி பால் வாங்கப் போயிருந்தார். அப்போதும் நான் பெஞ்சில் இருந்தேன், எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

"பட்டீசண்ணா, ஏன் சொல்லல?"

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். "எதைங்க அம்மணி?"

"காந்தம் இருந்தத."

"அதான் உங்களுக்குத் தெரியுமுங்களே," என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்க முடியவில்லை. "ஆஸ்பத்திரில கேட்டப்ப, உண்மையச் சொன்னாப் பட்டறைய மூடிப்போடுவாங்க, பதினோரு பேர்த்துக்கு வேல போயிரும்னு நான்தான் அப்புடிச் சொன்னேன். மொதலாளி பக்கத்துலதான் நின்னாரு. ரெண்டு மாசம் போனா அவரே எடுத்துச் சொல்லுவாருன்னு இருந்தேன். சொல்லல. செரி போச்சாதுன்னு விட்டுப்போட்டேன். அப்புறம் இந்தப் பொட்டி வந்துச்சு பாருங்க, எனக்கு அன்னிக்குச் சந்தோசமா இருந்துச்சு. நான் வாயத் தொறக்காமயே எல்லாரும் படிச்சுருவாங்கன்னு."

"அண்ணா..."

"தெனமும் வந்து படிச்சுப்போட்டுத்தானுங்களே மூடுனீங்க. நீங்க மட்டுமா, வீதியே படிச்சுது. தெரிஞ்சும் ஆரும் ஒரு வார்த்த கேக்கல. செரி, நம்ம பக்கம் பேச ஆருமில்லன்னு முடிவு பண்ணிட்டனுங்க."

"நான் படிக்கலீங்கண்ணா," என்றாள் கலாமணி. "ஒரு நாள்கூடப் படிக்கல. நாங்க ஆருமே படிக்கல."

அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த ஒன்றேகால் வருஷத்தில் அந்த மனிதர் முதுகை நோக்கி நீண்ட கைகள் எத்தனை, ஒவ்வொரு கையையும் அவர் என்னவென்று நினைத்துக்கொண்டு டீ போட்டிருப்பார் என்று நினைத்தபோது டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

"இப்பவாவது அந்தப் பேச்ச மாத்திச் சொல்லுங்கண்ணா. நடந்தத வாயால சொல்லுங்க, பெட்டி போயிரும்."

"வேண்டாமுங்க அம்மணி. மொதலாளியக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்," என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

மறுநாள் பத்தரை மணிக்கு டீக்கடையில் முப்பது பேர் இருந்தோம். கலாமணி அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். கமிட்டித் தலைவர் வருகிறார் என்று பெஞ்சில் இடம் விட்டோம். அவர் உட்காரவில்லை, தங்கை உட்காரவிடவில்லை.

"அண்ணா, நாலாம் மெஷின்ல அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சென்னியப்பன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல அவர் தோளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது.

"பேசாம நின்னா பெட்டி வராதுண்ணா, எனக்குத் தெரியும், நான் எழுதுனதுதான அது," என்றாள் கலாமணி. அவள் குரல் உயரவில்லை. "சொன்ன இடமும் நிக்கற இடமும் ஒண்ணா இருக்குதான்னுதான் அது பாக்கும். கரண்ட்டே குடுக்காம வெச்ச மோட்டாருக்குப் பிழையே வராது. நீங்க நாலு வருஷமா அப்படித்தான் நிக்கறீங்க. நாங்க அதக் கும்புட்டுட்டு இருக்கறோம்."

பால் பொங்கி வந்தது. பட்டீஸ்வரன் இறக்கி வைத்தார். அந்தச் சத்தம் அடங்கும்வரை சென்னியப்பன் நின்றார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"காந்தம் நான் வெச்சது. வேண்டாமுங்க மொதலாளின்னு பட்டீசு சொன்னான். ஆர்டர் போகோணும், கதவத் தொறந்தே ஓட்டுடான்னு நான்தான் சொன்னேன். மெஷின் நிக்கவே இல்ல. பட்டன் எதையும் அவன் அமுக்கல." ஒரு மூச்சு விட்டார். பெட்டி வரவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், மனுஷன் நிறுத்தவில்லை. "நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லோணும்னுதான் இருந்தேன்."

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் முதல் பெட்டி வந்தது. 'சொன்ன இடம்: சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நிற்கும் இடம்: மறந்துவிடுவார்கள் என்று இருந்தேன்.' முப்பது பேரும் அதை முழுசாகப் படித்தோம். அதை மூட ஒரு கையும் எழவில்லை. தோளில் வெதுவெதுப்பு பட்டிருக்க வேண்டும், அவர் கையைக் கொண்டுபோய் அந்த இடத்தைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் இரண்டு பட்டறைக்காரர்கள் டீயை வைத்துவிட்டு எழுந்து வேகமாகத் தங்கள் பட்டறைகளுக்குப் போனார்கள். எதைக் கழற்றப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சென்னியப்பன் பட்டீஸ்வரன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மெஷினுக்கு வந்துரு பட்டீசு. நான் உனக்குச் செஞ்சது தப்பு."

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க மொதலாளி," என்றார் பட்டீஸ்வரன் பதறிப்போய். டீத்தூள் கரண்டி கையிலேயே இருந்தது. "நான் அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டனுங்க. எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்குதுங்க."

சொல்லி முடித்ததும் நானூற்று இருபத்திரண்டு என்ற எண்ணோடு நின்ற பழைய பெட்டிக்குக் கீழே புதிதாக இன்னொரு பெட்டி வந்தது.

பழக்கம் விடுமா, என் கை உட்பட நாலைந்து கைகள் அதன் மூலையை நோக்கிப் போயின. கலாமணி எங்கள் கைகளைத் தள்ளிவிட்டாள். அவர் பின்னால் போய் நின்றுகொண்டு, அவரால் பார்க்க முடியாத அந்த எழுத்துகளை, முன்னால் நின்ற அவர் காதுக்குக் கேட்கிறபடி, சத்தமாகப் படித்தாள். முதலில் பழையதைப் படித்தாள்.

"சொன்ன இடம்: என் கவனக்குறைவு. நிற்கும் இடம்: கதவு சுவிட்சில் காந்தம்."

அப்புறம் புதியதைப் படித்தாள். பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து படித்தாள்.

"சொன்ன இடம்: இங்கேயே நன்றாக இருக்கிறது. நிற்கும் இடம்: நாலாம் மெஷின் முன்னால், கதவு திறந்திருக்கிறது, நாலு வருஷமாக."

பட்டீஸ்வரன் கரண்டியை டப்பாவுக்குள் போட்டார், மூன்று விரல் கையால் முகத்தை மூடிக்கொண்டார், முப்பது பேர் பார்க்கச் சத்தமாக அழுதார்.

"ஆமாங்க," என்றார். "அங்கயேதானுங்க நிக்கறேன்."

பெட்டிகள் இரண்டும், யாரும் தொடாமலேயே, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.